அடியில் கை வைக்கும்போது

மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் இரண்டு மூன்று வருடங்களில் ஓர் ஆசை தலைதூக்கும். அடியில் கிடக்கும் கல்லை மாற்ற வேண்டும். வாங்கிய நாளில் குழந்தை கைகாட்டிய நீலக் கல் இப்போது வெளுத்துத் திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. கைகாட்டிய குழந்தை பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டது. சொந்தக்காரர் வீட்டுத் தொட்டியிலோ வெளிர் மணல், பச்சைச் செடி, ஆற்றங்கரையைப் பெயர்த்து வைத்தது போன்ற அழகு. நம் வீட்டில் மட்டும் ஏன் இந்த நீலம் என்ற கேள்வி எழுந்துவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வேலை தயார்.

மீன்கள் பக்கெட்டுக்கு மாறுகின்றன. தண்ணீர் முழுவதும் பாத்ரூமில் கொட்டப்படுகிறது. கல்லை அள்ளும்போது அடியிலிருந்து கிளம்பும் பழுப்புக் குழம்பையும் அதன் வாடையையும் கண்டு வீடே முகம் சுளிக்கிறது. இத்தனை நாள் இந்த அசிங்கத்திலா மீன்கள் இருந்தன என்று ஒரு குற்ற உணர்வு. அதற்குப் பரிகாரமாகக் கண்ணாடி தேய்க்கப்படுகிறது. பில்டரின் பஞ்சு குழாயடியில் பிழிந்து பிழிந்து வெளுக்கப்படுகிறது. புதுக் கல், புதுத் தண்ணீர், பழைய மீன். மாலையில் விளக்கைப் போட்டால் தொட்டி அன்றுதான் கடையிலிருந்து வந்தது போல ஜொலிக்கிறது.

செவ்வாய்க்கிழமை மீன்கள் தீனிக்கு வருவதில்லை. புதன்கிழமை மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. வியாழக்கிழமை காலையில் முதல் மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதக்கிறது. வார முடிவுக்குள் ஆறேழு வருடம் கூடவே இருந்த தங்கமீன்கூடப் போய்விடலாம். பிறகு குற்றவாளியைத் தேடும் படலம். புதுக் கல்லின் சாயம் கரைந்துவிட்டது என்பார் ஒருவர். கார்ப்பரேஷன் தண்ணீர் சரியில்லை என்பார் இன்னொருவர். விருந்தாளி யாரோ கண் வைத்துவிட்டார் என்பதும் உண்டு. கொல்கத்தா, நாக்பூர், பெங்களூர் என்று ஊர் மாறினாலும் இந்தக் கதை அதிகம் மாறுவதில்லை.

சாயமும் தண்ணீரும் சில சமயம் குற்றவாளிகளாக இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் மீன்களைக் கொன்றது உள்ளே போட்ட எதுவும் அல்ல. வெளியே கொட்டிய ஒன்று. அழுக்கு என்று கழுவி ஊற்றப்பட்டதுதான் அவ்வளவு காலமும் அந்த மீன்களை உயிரோடு வைத்திருந்தது.

விஷயம் இதுதான். மீன் தின்னும் தீனியின் கழிவு பெருமளவு அம்மோனியாவாக, முக்கியமாகச் செவுள் வழியாகவே, தண்ணீரில் கலக்கிறது. மிச்சத் தீனியும் அழுகிய இலையும் அதே அம்மோனியாவில்தான் போய் முடிகின்றன. ஆற்றிலோ குளத்திலோ இது ஒரு பிரச்சினையே இல்லை. நூறு லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் இது விஷம். அந்த விஷத்தைத் தின்று உயிர் வாழும் பாக்டீரியாக்கள் உண்டு. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் மீனுக்கு விஷம்தான். ரத்தத்தில் கலந்து அது பிராணவாயுவைச் சுமக்க விடாமல் செய்துவிடும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டின் கொடுமை மிகக் குறைவு. வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அது கட்டுக்குள் இருக்கும்.

இந்த உயிர்களைத் தனியே பிரித்துக் காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினகிராட்ஸ்கி. 1890-ம் ஆண்டு வாக்கில் சூரிச்சில் மண்ணை ஆராய்ந்தபோது அவர் கண்டது அது. அடுத்த நூறு ஆண்டுகளுக்கு மீன் வளர்ப்புப் புத்தகங்கள் எல்லாம் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபேக்டர் என்ற இரண்டு பெயர்களையே திருப்பித் திருப்பிச் சொல்லிவந்தன. 1998-ல் அமெரிக்க ஆய்வாளர் திமோதி ஹோவனெக்கும் அவரது சகாக்களும் நன்னீர்த் தொட்டிகளைச் சோதித்துப் பார்த்து, நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபேக்டர் அல்ல, நைட்ரோஸ்பைரா வகை என்றார்கள். 2015-ல் அதைவிடப் பெரிய ஆச்சரியம். இரண்டு வேலையையும் ஒரே பாக்டீரியா தனியாகவே செய்து முடிப்பதைத் தனித்தனியே இரண்டு ஆய்வுக் குழுக்கள் கண்டுபிடித்தன. அதில் ஒரு குழுவுக்கு அந்த பாக்டீரியா கிடைத்த இடம் ஒரு மீன் வளர்ப்பு அமைப்பின் வடிகட்டி. நூறு வருடமாகக் கண்ணெதிரே இருந்த அழுக்குக்குள் இவ்வளவு சமாச்சாரம்!

தொட்டிக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியது பெயர்களை அல்ல, இரண்டு குணங்களை. ஒன்று, இவை தண்ணீரில் மிதந்து திரிவது குறைவு. கல், கண்ணாடி, பஞ்சு, குழாய் என்று ஏதாவது ஒரு பரப்பில் வழுவழுப்பான ஏடாகப் படிந்து ஒட்டிக்கொண்டிருக்கும். எனவே தண்ணீரை மாற்றினால் இவை பெரும்பாலும் போவதில்லை. கல்லை மாற்றினால் போய்விடும். இரண்டு, இவை மிகவும் மெதுவாகப் பெருகுபவை. நம் குடலில் வாழும் ஈ.கோலை வசதியான சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிக்கும். இவற்றுக்கு அரை நாளோ ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். புதுத் தொட்டி பக்குவப்பட நான்கிலிருந்து ஆறு வாரம் ஆவதன் ரகசியம் அதுதான். கல்லையும் பஞ்சையும் ஒரே நாளில் கழுவி எடுத்த தொட்டி பழைய தொட்டி அல்ல. பழைய மீன்கள் முழு எண்ணிக்கையில் அடைக்கப்பட்ட புதுத் தொட்டி.

ஆபத்து எவ்வளவு என்பது பில்டர் எந்த வகை என்பதைப் பொறுத்தது. பழைய தொட்டிகளில் அடியில் துளையிட்ட பிளாஸ்டிக் தட்டு இருக்கும். அதன் மேல் கல் பரப்பி, மூலையில் நிற்கும் குழாய் வழியாகக் காற்றுக் குமிழிகளை ஏற்றினால், தண்ணீர் கல்லுக்குள் புகுந்து இறங்கித் தட்டுக்கு அடியே போய் மறுபடி மேலே வரும். ஒரு சின்ன ஏர் பம்ப் போதும், செலவு குறைவு. நம் நாட்டில் பல ஆண்டுகள் வீட்டுத் தொட்டி என்றால் அநேகமாக இதுதான். இந்த ஏற்பாட்டில் கல் அலங்காரம் அல்ல. கல்தான் பில்டர். கல்லை மொத்தமாக எடுப்பது நோயாளியின் சிறுநீரகத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பிழைத்துக்கொள் என்பது போல.

தொட்டிக்கு வெளியே தொங்கும் பில்டர், மூடிய டப்பா வகையான கேனிஸ்டர், உள்ளே நிற்கும் பஞ்சு பில்டர் என்று வந்த பிறகு நிலைமை வேறு. பாக்டீரியாக்களில் பெரும்பகுதி அங்கே, ஓடும் தண்ணீரும் பிராணவாயுவும் கிடைக்கும் இடத்தில், குடியேறிவிடுகின்றன. அந்த பில்டரைத் தொடாமல் விட்டால் கல்லை மாற்றினாலும் தொட்டி தாங்கிவிடும். ஒரே ஒரு விதிதான். கல்லில் கை வைக்கும் மாதத்தில் பில்டரில் கை வைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் முதலில் மீறப்படுவதும் இந்த விதிதான்.

இதில் கடைக்காரர்களின் பங்கையும் சொல்ல வேண்டும். கொல்கத்தா பாக்பஜாரில் கேலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையானாலும் சரி, சென்னை கொளத்தூரின் மொத்த வியாபாரக் கடைகளானாலும் சரி, கல் வாங்க வருபவரிடம் பழைய கல்லில் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பும் வியாபாரி உண்டு. அவர் சொற்பம். மற்றவர்கள் கல்லை எடை போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் அதே வாடிக்கையாளர் மீன் வாங்க வருவார். மாதச் சம்பளத்துக்கு வீடு வீடாகப் போய்த் தொட்டி கழுவுகிறவர்களின் பாடு இன்னும் சங்கடமானது. அவர்களில் அனுபவம் உள்ளவர்களுக்கு எல்லாவற்றையும் கழுவக் கூடாது என்று தெரியும். ஆனால் வீட்டுக்காரர் பார்ப்பது பளபளப்பை. பாதி அழுக்கை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனால் சோம்பேறி என்று பெயர். ஆஸ்பத்திரி வரவேற்பறை, ஓட்டல் முகப்பு என்று பத்துப் பேர் பார்க்கும் இடத்தில் இருக்கும் தொட்டிகளில் அடிக்கடி மீன் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது கண்ணி தண்ணீரில் இருக்கிறது. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வேடத்தில் இருக்கும். ஒன்று கொடியது, இன்னொன்று ஏறக்குறைய சாது. எந்த வேடம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரின் பி.எச். அளவு. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூடக் கொடிய வடிவில் இருக்காது. பி.எச். 8 ஆனால் அது சுமார் 5 பங்காகிவிடும். வெப்பம் ஏறினால் இன்னும் கூடும். பல வருடம் ஓடிய, தண்ணீர் சரியாக மாற்றப்படாத தொட்டியில் என்ன நடக்கிறது? பாக்டீரியாக்கள் வேலை செய்யச் செய்ய அமிலம் சேர்கிறது, தண்ணீரின் காரத்தன்மை கரைகிறது, பி.எச். நாளடைவில் இறங்கிவிடுகிறது. அமிலத் தண்ணீரில் அம்மோனியா சாது வேடத்தில் அடங்கிக் கிடக்கிறது. மீன்களும் படிப்படியாக அதற்குப் பழகிவிடுகின்றன. அந்தத் தொட்டியின் அடிக் கசடைக் கிளறிவிட்டு, ஒரே மூச்சில் போர்வெல்லின் கடினத் தண்ணீரை நிரப்பினால் பி.எச். துள்ளி ஏறும். சாது ஒரு மணி நேரத்தில் கொலைகாரனாகிவிடும். நல்ல தண்ணீர்தானே ஊற்றினோம் என்று வீட்டார் அங்கலாய்ப்பது இந்த இடத்தில்தான்.

கல்லே பி.எச்.சை ஏற்றுவதும் உண்டு. ராஜஸ்தானிலிருந்து வரும் வெள்ளை மார்பிள் சில்லு பார்க்க அழகு, விலையும் குறைவு. தோட்டத்துக்குப் போடும் அதே கல்லைத் தொட்டிக்கும் போடுகிறார்கள். மார்பிள், சுண்ணாம்புக் கல், பவளத் துண்டு, கிளிஞ்சல் எல்லாமே கால்சியம் கார்பனேட். தண்ணீரில் மெல்லக் கரைந்து அதைக் கடினமாக்கும். மோலி, கப்பி போன்ற மீன்களும், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களும் இதைக் கொண்டாடும். நியான் டெட்ராவும் டிஸ்கஸும் அமேசான் படுகையின் மென்மையான தண்ணீருக்குப் பிறந்தவை. அவற்றுக்கு இது தண்டனை. சோதிப்பது சுலபம். கல்லை உலர்த்தி, சமையலறை வினிகரில் சில சொட்டு விட்டுப் பார்த்தால் போதும். நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்பு வகை. வாங்கும் முன்பே ஒரு பிடி வீட்டுக்குக் கொண்டுவந்து சோதிப்பது உத்தமம்.

மணல் விஷயம் இன்னும் சிக்கல். ஆற்று மணல் உருண்டு தேய்ந்தது. அடியில் மேயும் மீன்களுக்கு அதைப்போல வேறில்லை. ஆனால் ஆற்று மணல் இப்போது சாதாரணச் சரக்கா என்ன? சிறிய குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்த நாடு இது. ஒரு தொட்டிக்கு இரண்டு சட்டி மணல் எடுத்ததற்காக யாரும் யாரையும் குறை சொல்லப்போவதில்லை. கட்டுமான வேலை நடக்கும் இடத்தில் கிடைப்பது ஆற்று மணல்தானா என்பதுதான் கேள்வி. பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்டாக இருந்தால் விளிம்புகள் கூராக இருக்கும், தூளும் அதிகம். கொரிடோரஸ் போன்ற மீன்கள் மீசையால் தடவித் தடவி மேய்பவை. கூர் மணலில் அந்த மீசை தேய்ந்து புண்ணாகும். கடற்கரை மணலில் உப்பும் கிளிஞ்சலும் கலந்திருக்கும். தண்ணீர் சுத்திகரிப்புக்கும் நீச்சல் குளத்துக்கும் பயன்படும் உருண்டையான வடிகட்டி மணல் இவற்றைவிட நல்லது, சுத்தமும் அதிகம். அடித்தட்டு பில்டர் வைத்திருப்பவர்கள் மட்டும் மணலை மறந்துவிட வேண்டும். தட்டின் துளைகள் அடைபட்டுவிடும். அவர்களுக்கு மூன்றிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் சரளைதான்.

செடித் தொட்டி ஆசை வந்தவர்கள் தேடுவது சுட்ட களிமண் உருண்டைகள். ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ (1954-2015) தண்ணீருக்கடியில் காடும் புல்வெளியுமாக வளர்த்துக் காட்டிய தொட்டிகளைப் பார்த்துவிட்டு அந்த ஆசை வராமல் இருப்பது கஷ்டம். இந்த மண்ணில் செடிகள் செழிக்கின்றன, பி.எச்.சும் இறங்குகிறது. ஆனால் இவற்றில் சத்துச் செறிந்த வகைகள் முதல் சில வாரங்களுக்குத் தாமே அம்மோனியாவைக் கக்குபவை. மீன்கள் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் நேரே கொட்டக் கூடாது. வேறு தொட்டியில் மீன்களை ஒரு மாதம் வைத்திருக்க வசதி இல்லாதவர்கள் சாதாரண மணலில், செடியின் வேரடியில் உர வில்லை புதைத்துக்கொள்ளலாம். அமானோவின் காடு வராது, ஆனால் செடி வளரும்.

அடியில் என்ன போடுவது என்பதை அலங்காரக் கேள்வியாக மட்டும் பார்ப்பதே தப்பு. கங்கை, பிரம்மபுத்திரா படுகையில் வாழும், வங்காளிகள் ராணி மாச் என்று அழைக்கும் கோடு போட்ட லோச் மீன் அடியில் நோண்டி நோண்டியே இரை தேடும். அதன் உறவினமான குதும் மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்திருக்கும். கூரான சரளையில் விடப்பட்ட குதும் தன் பாதி வாழ்க்கையை இழந்துவிடுகிறது. கேரளத்துப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலிருந்து பிடிக்கப்பட்டு, மிஸ் கேரளா என்ற பெயரில் உலகம் சுற்றிய செங்கோட்டு மீனுக்கோ வேண்டியது கூழாங்கல்லும் வேகமாக ஓடும் நீரும். தங்கமீன் கல்லை வாயில் போட்டுக் கொதப்பித் துப்புவது பசியால் அல்ல, அதன் சுபாவம். தொண்டையில் சிக்கும் அளவுள்ள கல் அதற்கு ஆகாது. மீனைத் தீர்மானித்துவிட்டுத்தான் கல்லைத் தீர்மானிக்க வேண்டும். நடப்பது தலைகீழ்.

சரி, மாற்றியே ஆக வேண்டும் என்றால்? அவசரம் இல்லாதவர்களுக்கு நல்ல வழி தவணை முறை. தொட்டியை மனத்துக்குள் மூன்றாகப் பிரித்து, ஒரு பங்குக் கல்லை எடுத்துப் புதியதைப் போட்டுவிட்டு இரண்டு வாரம் விட வேண்டும். பிறகு அடுத்த பங்கு. அடித்தட்டு பில்டர் உள்ள தொட்டிக்கு இதைத் தவிர வேறு வழி கிடையாது என்றே சொல்லலாம். கொஞ்ச நாள் தொட்டி இரண்டு நிறத்தில் பல்லிளிக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரளையிலிருந்து மணலுக்கு மாறுகிறவர்களுக்கு அது முடியாது, இரண்டும் கலந்துவிடும். அவர்கள் ஒரே நாளில் செய்துதான் தீர வேண்டும். முதலில் கணக்கு. நீளம், அகலம், கல்லின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வரும். அதை ஒன்றரையால் பெருக்கினால் ஏறக்குறைய எத்தனை கிலோ என்று தெரியும். மூன்றடிக்கு ஓரடித் தொட்டியில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு 20 கிலோ. மாற்றும் நாளுக்கு முன்பே அவ்வளவையும் அலசி வைத்துவிட வேண்டும். கலங்கல் போகப் பத்துப் பதினைந்து தடவைகூட அலச வேண்டியிருக்கும். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊர்களில் இது சாமானிய விஷயம் அல்ல என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் நாள் குறிக்க வேண்டும்.

அன்று காலை முதல் வேலை, தொட்டியின் தெளிந்த தண்ணீரைக் கசடு கிளறும் முன் டியூப் போட்டு உறிஞ்சி எடுத்துச் சேமிப்பது. மீன்களுக்கு அந்தத் தண்ணீரிலேயே இடைக்கால வீடு. துணி துவைக்கும் டப் வேண்டாம். சோப்பின் மிச்சம் மீனுக்கு எமன். ஏர் பம்பின் குழாயை அதில் விட்டு, மேலே ஒரு துணியோ பலகையோ மூடிவிட வேண்டும், மீன் துள்ளும். பில்டரையும் முடிந்தால் அதிலேயே ஓட விடலாம். இல்லாவிட்டால் அதன் பஞ்சைப் பழைய தண்ணீரில் மூழ்கியபடி காற்றோட்டத்துடன் வைக்க வேண்டும். நீரோட்டம் நின்று மூடிக் கிடக்கும் பில்டரில் பிராணவாயு தீர்ந்து பாக்டீரியாக்கள் சாக ஆரம்பிக்கும். மணிக்கணக்கில் கரன்ட் போகும் ஊர்க்காரர்கள் இதை ஏற்கெனவே வேறு விதத்தில் அறிந்திருப்பார்கள்.

மீன் உள்ளே இருக்கும்போது கல்லைக் கிளறுவதுதான் பெரிய பிழை. பல வருடம் கிளறப்படாத ஆழமான அடுக்கில் காற்றுப் புகாத இடங்கள் கறுத்துக் கிடக்கும். கிளறினால் அழுகிய முட்டை வாடை வரும்; அது ஹைட்ரஜன் சல்பைடு. ஒன்றிரண்டு குமிழிக்குப் பயந்து ஓட வேண்டியதில்லை, காற்றோட்டமுள்ள தண்ணீரில் அது விரைவில் சிதைந்துவிடும். ஆனால் மொத்த அடுக்கையும் ஒரே நேரத்தில் புரட்டினால் அந்த வாயுவோடு வருடக்கணக்கான கசடும் கிளம்பி, இருக்கும் பிராணவாயுவையும் தின்றுவிடும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஒன்பது மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். ஏப்ரல், மே மாதங்களில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். நம் வெப்பத்துக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. குளிர்நாட்டுப் புத்தகங்கள் சொல்வதைவிட இங்கே பாக்டீரியாக்கள் சீக்கிரம் பெருகும்.

கல்லை அள்ளும்போது கண்ணாடியில் இரும்புக் கரண்டி உரசக் கூடாது. பாதி தண்ணீரும் கல்லுமாகத் தொட்டியைத் தூக்கவே கூடாது. மூலைகளில் இருக்கும் சிலிக்கான் பசை பிரிந்தால் அன்றைய ஞாயிறு வேறு கதை. புது மணலைப் பரப்பி, அதன் மேல் ஒரு தட்டை வைத்து, தட்டின் மேல் மெல்ல நீரை ஊற்றினால் கலங்காது. பழைய தண்ணீர் எவ்வளவு மிச்சமோ அதை முதலில் ஊற்றி, குறைக்கு மட்டும் புதியது. குழாய்த் தண்ணீரின் குளோரினுக்கு ஹைப்போ என்று கடைகளில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் உண்டு. ஒரு நாள் காற்றோட்டமாக வைத்தாலும் குளோரின் போய்விடும். குளோராமின் கலக்கும் ஊர்களில் அது போகாது. மணல் படிந்த பிறகே மோட்டாரைப் போட வேண்டும். இல்லாவிட்டால் மணல் உள்ளே போய் மோட்டாரைத் தின்றுவிடும்.

பழைய கல்லில் ஒன்றிரண்டு கிலோவை எறியாமல் வைத்திருப்பதுதான் இந்த வேலையின் சூட்சுமம். வெங்காயம் வரும் வலைப்பை ஒன்றைச் சோப்பில்லாமல் அலசி, அதில் கல்லைக் கட்டி, தண்ணீர் ஓடும் இடமாகப் பார்த்துத் தொட்டிக்குள் ஒரு மாதம் தொங்கவிட வேண்டும். பழைய பாக்டீரியாக்கள் அதிலிருந்து புது வீட்டுக்குக் குடியேறும். பார்க்க லட்சணமாக இருக்காது. விருந்தாளிகள் கேட்பார்கள்.

முதல் நாள் தீனி கிடையாது. அடுத்த பத்து நாளைக்கு வழக்கத்தில் பாதிக்கும் குறைவு. ஆரோக்கியமான மீன் சில நாள் பட்டினியைப் பொருட்படுத்தாது. தீனி குறைந்தால் அம்மோனியாவும் குறையும். மனிதர்களுக்குத்தான் மனசு கேட்காது. கலவரப்பட்டிருக்கிறதே பாவம் என்று ஒரு சிட்டிகை கூடுதலாகப் போடுவார்கள். சொட்டு மருந்து போல விட்டு நிறம் பார்க்கும் அம்மோனியா, நைட்ரைட் சோதனைப் பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. விலை அதிகம் என்று தோன்றும். தொட்டியில் இருக்கும் மீன்களின் விலையை ஒரு தடவை கூட்டிப் பார்த்தால் தோன்றாது. நிறம் ஏறினால் கால் பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். முழுவதையும் அல்ல. செவுள்கள் பழுப்பேறி மீன்கள் மேலே வந்து தவித்தால் அது நைட்ரைட்டாக இருக்கக்கூடும். சாதாரண உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுளுக்குள் புகுவதைத் தடுக்கிறது என்பதால் அனுபவசாலிகள் கொஞ்சம் உப்புக் கரைசல் விடுவார்கள்.

இத்தனை சிரமம் எதற்கு என்று யோசிப்பவர்கள் மாற்றாமலே விட்டுவிடலாம். அது தோல்வி அல்ல. 1850-ல் லண்டன் ரசாயன சங்கத்துக்குக் கட்டுரை எழுதிய ராபர்ட் வாரிங்டன் இரண்டு தங்கமீன், ஒரு நீர்ச்செடி, சில நத்தைகள், அடியில் மணலும் சேறும் என்று ஒரு கண்ணாடிக் கலத்தில் உயிர்களைச் சமநிலையில் வைத்துக் காட்டினார். அடியில் சேறு இருப்பதைப் பற்றி அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. வாரம் ஒருமுறை டியூபைக் கல்லுக்குள் நுழைத்து மேல் கசடை உறிஞ்சி எடுத்துவந்தால், பெரும்பாலான தொட்டிகளில் கல் பல வருடம் அப்படியே இருக்கலாம். வெளுத்த நீலம்கூடப் பாசி ஏறிவிட்டால் அத்தனை உறுத்தாது.

மாற்றியவர்கள் அன்று மாலைக்குள் முடிவெடுக்க வேண்டிய வேறொன்று உண்டு. தொட்டியைக் காலி செய்யும் நாளில்தான் பல வீடுகளில், முழங்கை நீளத்துக்கு வளர்ந்துவிட்ட சக்கர் மீனை என்ன செய்வது என்ற பேச்சு எழுகிறது. ஏரியில் விட்டுவிடலாம், புண்ணியம் என்று முடிகிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலங்களிலும் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நீர்நிலைகளில் பெருகி, மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. அதைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுப்பதுதான் சரி. பழைய கல்லையும் கசடுத் தண்ணீரையும் சாக்கடையில் கொட்ட வேண்டியதில்லை. நைட்ரேட் நிறைந்த அந்தப் பழுப்புத் தண்ணீர் மாடித் தோட்டத்துத் தொட்டிகளுக்கு நல்ல உரம், ரோஜாவுக்கு ஊற்றலாம். உப்புப் போட்ட தண்ணீர் மட்டும் வேண்டாம்.